குளச்சல் உப்புக்காற்றில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு

எங்கள் ஹெரால்டு 1964 மாடல், இரண்டு கதவு கார். நாகர்கோவிலில் ஒரு டாக்டர் புதிதாக எடுத்தது. அவரிடமிருந்து மார்த்தாண்டத்து ரப்பர் வியாபாரி ஒருவருக்குப் போய், கடைசியில் குளச்சலில் என் மாமா கைக்கு வந்தது. மாமா போன பிறகு அத்தைதான், "நீயே கொண்டு போ மக்களே, இங்க கெடந்தா துருப்பிடிச்சுப் போவும்" என்றார்கள். துரு ஏற்கெனவே பிடித்திருந்தது.

பழைய வண்டி கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பெயின்ட் பற்றித்தான் பேசுவார்கள். கடலோரத்து வண்டிக்கு அது கடைசி வேலை. ஹெரால்டுக்கு சேஸிஸ் என்ற அடிச்சட்டம் தனி, பாடி தனி. பாடியையும் பகுதி பகுதியாகக் கழற்றலாம். நாங்கள் பாடியை மொத்தமாகத் தூக்கி வைத்துவிட்டு, அரித்துப்போன சேஸிஸ் பக்கக் கைகளை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்தோம். தக்கலையில் டிங்கர் அண்ணன் ஒருவர் பட்டி பூசி மறைக்காமல் தகட்டைத் தட்டியே சரி செய்தார். அந்தப் பொறுமைக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது முன்சக்கரத்து ட்ரனியன். ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரத்தைத் தாங்கும் தண்டு அந்தப் பித்தளைக் கட்டைக்குள் மரை மேல்தான் சுழல்கிறது. அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் கூடாது. எங்கள் வண்டியில் யாரோ வருஷக்கணக்கில் கிரீஸ் அடித்திருக்கிறார்கள். கழற்றியபோது கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது, மரைக்குள் துரு. தண்டு முறிந்தால் சக்கரம் அப்படியே மடிந்துவிடும். இரண்டு பக்கமும் மாற்றினேன்.

எஞ்சின் 948 சிசிதான், பெரிதாகத் தொந்தரவு தரவில்லை. பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகத் திறப்பதால் டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். கோட்டாறு சந்தில் ஒரே ஒடியில் வளைத்துத் திருப்ப இதை விட்டால் வேறு வண்டி இல்லை. பின்பக்கம் குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங், சக்கரத்தோடு மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆக்ஸில். வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்பக்கம் ஆட்டம் காட்டும். ஆரல்வாய்மொழிக் காற்றில் நிதானம் வேண்டும்.

2021இல் ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு வந்த வின்டேஜ் பதிவுக்கு நான் மாறவில்லை. அதில் தினசரி ஓட்ட முடியாது. எனக்கு இது ஓட வேண்டும். இப்போது பாக்கி கதவு ஓரத்து ரப்பர் பீடிங் மட்டும்தான். இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு முன் மாற்றிவிட வேண்டும்.