நைலில் எந்தப் படகு?

எகிப்தில் லக்சரிலிருந்து அஸ்வானுக்கு நைல் ஆற்று வழியில் சுமார் 200 கிலோமீட்டர். ரயிலேறினால் அரை நாள்கூட ஆகாது. அந்தத் தூரத்தைத்தான் மூன்று நான்கு ராத்திரிகளாக இழுத்து, வழியில் கோயில் கோயிலாக இறங்கிப் பார்க்கிறார்கள். போக மூன்று வழி உண்டு: ஹோட்டல் மாதிரியான குரூஸ் கப்பல், இரண்டு பாய் கட்டிய தஹபியா, ஒற்றைப் பாய் ஃபெலூக்கா.

வசதி, விலை என்று கணக்குப் போடும் முன்னால் ஒன்று பார்க்க வேண்டும்: படகு எங்கே கரை ஒதுங்க முடியும், எத்தனை மணிக்கு? கோயிலை நிம்மதியாகப் பார்ப்பதும் கூட்டத்தில் இடிபடுவதும் அதைப் பொறுத்துத்தான்.

குரூஸ் கப்பலில் நூறு, நூற்றைம்பது பேர் இருப்பார்கள். ஏசி அறை, சுடுதண்ணீர், பஃபே, மொட்டைமாடியில் சின்ன நீச்சல் குளம். ஆள் எண்ணிக்கை அதிகம் என்பதால் தலைக்கு விலை குறையும். லக்சரில் ஏறினால் பெரும்பாலும் 4 இரவு, அஸ்வானில் ஏறினால் 3. சிக்கல் என்னவென்றால், எல்லாக் கப்பலும் ஒரே துறையில் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும். உங்கள் ஜன்னலைத் திறந்தால் நைல் இருக்காது, பக்கத்துக் கப்பலின் ஜன்னல்தான் இருக்கும். கரைக்குப் போக நாலு கப்பலின் வரவேற்பறையைக் கடந்து போக வேண்டும். எட்ஃபூவில் இறங்கியதும் அத்தனை பேரும் குதிரை வண்டியேறி ஒரே நேரத்தில் பருந்துத் தலைக் கடவுள் ஹோரஸின் கோயில் வாசலில் போய் நிற்பார்கள். கி.மு. 237இல் தொடங்கி 57இல் முடித்த கோயில். கூரை உட்பட ஏறக்குறைய முழுசாக நிற்கிறது. அதை முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்ப்பது வருத்தம்தான். கொம் ஓம்போவில் மட்டும் கப்பல்காரர்களுக்கு யோகம். கோயில் படித்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இருட்டிய பிறகு விளக்கொளியில் பார்க்கலாம். எஸ்னா லாக்கில் (படகுகளை நீர்மட்டம் ஏற்றி இறக்கிக் கடத்திவிடும் மதகு) வரிசையில் காத்திருக்கும்போது சின்னப் படகில் வந்து துணிமணியை மேல்தளத்துக்கே வீசி விலை பேசுகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது தனி வேடிக்கை.

தஹபியாவில் ஆறிலிருந்து பத்துப் பன்னிரண்டு அறைகள், அவ்வளவுதான். பெரும்பாலும் எஸ்னாவில் ஏற்றுவார்கள், லாக் தொந்தரவு இல்லை. நைல் வடக்கே ஓடுகிறது, காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. ஆகவே தெற்கே போக பாய், திரும்ப நீரோட்டம். பழைய எகிப்தியச் சித்திர எழுத்திலேயே தெற்குப் பயணத்துக்குப் பாய் விரித்த படகு, வடக்குப் பயணத்துக்குப் பாய் இல்லாத படகு. அதனால் பாய்மரச் சுகம் வேண்டுமென்றால் எஸ்னாவிலிருந்து அஸ்வான் போகிற பயணத்தையே கேளுங்கள். காற்று செத்துவிட்டால் இழுவைப் படகு கட்டி இழுப்பார்கள். 'மோட்டார் சத்தமே இருக்காது' என்ற விளம்பரத்தைப் பாதி நம்பினால் போதும்.

ஆனால் ஆழம் குறைந்த கரையிலும் இது ஒதுங்கும் என்பதுதான் பெரிய லாபம். எல் காப் பாறைக் கல்லறைகளில், வெளியிலிருந்து வந்து எகிப்தின் வடக்கை ஆண்ட ஹிக்சோஸ் அரசர்களை விரட்டிய போரில் கலந்துகொண்ட படகு வீரன் அஹ்மோஸ் தன் கதையைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறான். கெபெல் எல் சில்சிலாவில் ஆறு குறுகி, இருபுறமும் மணற்கல் குவாரிகள். லக்சரின் கர்னாக் கோயிலுக்கும் எட்ஃபூ கோயிலுக்கும் கல் போனது இங்கிருந்துதான். உளித் தடம் இன்னும் தெரிகிறது. பெரிய கப்பல்கள் இந்த இரண்டிலும் வழக்கமாக நிற்பதில்லை. விலை கப்பலைவிட நன்றாகவே கூட. காசு இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஃபெலூக்காவில் அறையும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. தளத்தில் மெத்தை, மேலே நட்சத்திரம், காலையில் கரையோரப் புதர். அஸ்வானிலிருந்து கொம் ஓம்போ வரை, மிஞ்சினால் எட்ஃபூ. விலை மிகக் குறைவு. நண்பர்களோடு ஒரு ராத்திரி அருமை. இரண்டாவது ராத்திரி முதுகு பேசும். அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், பேசாமல் கப்பல்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சின்ன ஏக்கம்: செங்கடல் கரையில் குசைர் அல் கதீமில் 'பானை ஒறி' (பானை வைக்கும் உறி) என்று தமிழ்-பிராமியில் எழுதிய பானை ஓடு கிடைத்தது. செங்கடல் துறைமுகங்களில் இறங்கிய நம் மிளகு பாலைவனம் தாண்டி நைலைத் தொட்ட இடம் காப்டோஸ், இன்றைய கிஃப்த். அது லக்சருக்கு வடக்கே இருக்கிறது. தெற்கே திரும்பும் இந்தப் பயணங்களில் வராது.

இன்னொன்று, எந்தப் படகில் வந்தாலும் ஃபிலே கோயிலுக்கு அஸ்வானில் தனி மோட்டார் படகு பிடித்தாக வேண்டும். அது இரண்டு அணைகளுக்கு நடுவே தீவில் இருக்கிறது. பாறையில் குடைந்த அபு சிம்பெல் கோயில்கள் அஸ்வானிலிருந்து இன்னும் சுமார் 280 கிலோமீட்டர். விடியுமுன் சாலை வழியே கிளம்ப வேண்டும், ஆகவே டிக்கெட் போடும்போதே அஸ்வானில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.