சாலைப் பயிற்சியா, சறுக்குத் தளமா, டிராக் டேயா: முதல் பணம் எதற்கு?

நான் மூன்றுக்கும் போயிருக்கிறேன். ஆனால் போன வரிசை தலைகீழ். முதலில் டிராக் டே, அதாவது பந்தயத் தடத்தைப் பொதுமக்களின் சொந்த வண்டிகளுக்கு ஒரு நாள் திறந்துவிடும் நிகழ்ச்சி. அடுத்த ஆண்டு, நீர் தெளித்து வழுக்கலாக்கிய தளத்தில் அரை நாள் பயிற்சி. கடைசியாகத்தான், பயிற்றுநர் பக்கத்து இருக்கையில் இருக்க, அன்றாடப் போக்குவரத்துக்கு நடுவே ஓட்டிப் பழகும் உயர்நிலைச் சாலைப் பயிற்சி. மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே விளம்பரம்: பாதுகாப்பான, தன்னம்பிக்கை மிகுந்த ஓட்டுநர் ஆகலாம். பாதுகாப்பும் தன்னம்பிக்கையும் எப்போதும் கைகோத்து நடப்பதில்லை என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். இந்த மூன்றையும் ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

சாலைப் பயிற்சி

இதன் வேர் 1930-களின் லண்டனில் இருக்கிறது. பெருநகரக் காவல்துறை ஹெண்டனில் நடத்திய ஓட்டுநர் பள்ளிக்கு ஆலோசகராக வந்து, வண்டியைக் கையாளும் ஒழுங்கு ஒன்றை வகுத்துத் தந்தவர் காட்டன்ஹாம் பிரபு. அவரே பந்தய ஓட்டுநர். அந்த ஒழுங்கு இன்று ஐந்து படிகளாகச் சொல்லப்படுகிறது: தகவல், நிலை, வேகம், கியர், முடுக்கம். தடத்தை நன்கு அறிந்த ஒருவரிடமிருந்து கிளம்பிய முறையில் முதலிடம் தகவலுக்கு. வேகம் மூன்றாவதாகத்தான் வருகிறது. காவலர்களுக்கென்று பிறந்த இந்தப் பாடத்தை, 1956-ல் பிரிட்டனில் தொடங்கிய இன்ஸ்டிடியூட் ஆஃப் அட்வான்ஸ்டு மோட்டாரிஸ்ட்ஸ் பொதுமக்களிடம் கொண்டுவந்தது. இன்று பல நாடுகளில் கிடைக்கும் சாலைப் பயிற்சிகளில் இதன் சாயலைக் காணலாம்.

என் முதல் வகுப்பில் பயிற்றுநர் கால் மணி நேரம் எதுவுமே பேசவில்லை. பிறகு, "உங்களுக்குப் பின்னால் வரும் வண்டி என்ன நிறம்?" என்று கேட்டார். தெரியவில்லை. "சற்று முன் இடப்பக்கம் நின்றிருந்த காரின் முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது?" அதுவும் தெரியவில்லை. முந்தைய ஆண்டு ஒரு பந்தய வளைவை ஒரே கோட்டில் இருபது முறை எடுத்துக் காட்டியவன் நான். சாலையில் என் கண் வண்டியின் மூக்குக்கு முன்னால் முப்பது மீட்டரோடு நின்றுவிட்டிருந்தது.

அந்தப் பயிற்சியில் என்னை மாற்றியவை இரண்டு. ஒன்று, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது. "முன்னால் பஸ் நிற்கிறது, அதன் அடியில் கால்கள் தெரிகின்றன, யாரோ குறுக்கே வரலாம், வேகத்தைக் குறைக்கிறேன்" என்று பார்ப்பதையும் எதிர்பார்ப்பதையும் செய்யப்போவதையும் உரக்கச் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் தொண்டை வறண்டுவிடும். ஆனால் எதைப் பார்க்கவில்லை என்பது உடனே அம்பலமாகிறது; சொல்ல எதுவும் இல்லாமல் வாய் நின்ற இடத்தில் கவனமும் நின்றிருக்கிறது.

இன்னொன்று வளைவைப் படிக்கும் முறை. வளைவை நெருங்கும்போது சாலையின் இரண்டு ஓரங்களும் தொலைவில் ஒன்றாகச் சேர்வதுபோல் ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளி நம்மை நோக்கி வருகிறது என்றால் வளைவு இறுகுகிறது, வேகம் குறைய வேண்டும். நம்மோடு ஒரே இடைவெளியில் நகர்ந்தால் வேகம் பொருத்தம். விலகி ஓடினால் வளைவு திறக்கிறது, மெல்ல முடுக்கலாம். எந்த நேரத்திலும் அந்தப் புள்ளிக்குள் வண்டியை நிறுத்த முடிய வேண்டும் என்பதே அடிப்படை. பழக்கமில்லாத சாலையில், எதிரில் என்ன வரும் என்று தெரியாத வளைவில், இதைவிட நம்பகமான கருவி வேறு எதையும் நான் கண்டதில்லை.

குறைகள் உண்டு. இது வாரக்கணக்கில் நீளும். பயிற்றுநர் சரியில்லையென்றால் வெறும் விதி ஒப்பித்தலாக முடிந்துவிடும். முக்கியமாக, பிரேக்கை முழு பலத்தோடு ஒருமுறைகூட மிதிக்காமலே சான்றிதழ் வாங்கிவிடலாம். பொதுச் சாலையில் அதற்கு இடமில்லை.

சறுக்குத் தளம்

அந்த வெற்றிடத்தை நிரப்புவதுதான் அரை நாள் பயிற்சி. அதில் நான் விலை மதிக்கும் பகுதி சறுக்கல் விளையாட்டு அல்ல, முழு பிரேக். அபாயம் நேரும்போது பெரும்பாலோர் பிரேக்கை வேகமாக மிதித்தாலும் போதுமான பலத்தோடு மிதிப்பதில்லை. மெர்சிடிஸ் நிறுவனம் 1996-ல் அவசர மிதியை உணர்ந்து பிரேக்கின் பலத்தைத் தானே கூட்டும் பிரேக் அசிஸ்ட் என்ற வசதியைக் கொண்டுவந்ததற்கே இந்தத் தயக்கம்தான் காரணம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலடியில் துடிக்கும். முதன்முறை உணர்கிறவர் ஏதோ உடைந்துவிட்டது என்று அஞ்சிக் காலை எடுத்துவிடுவார். ஆளில்லாத ஈரத்தளத்தில், துடிக்கும் பெடலை மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பித் தடையைச் சுற்றிப் போவதை நான்கு முறை செய்துவிட்டால் அந்த அச்சம் போய்விடுகிறது. இதைச் சாலையில் முதன்முறை கற்றுக்கொள்ளும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

அங்கே இன்னொரு பயிற்சியும் செய்தோம். 50 கி.மீ. வேகத்தில் முழு பிரேக் போட்டு, வண்டி நின்ற இடத்தில் ஒரு கூம்பை வைத்தார்கள். அடுத்து 60-ல் வந்து, அதே கோட்டில் அதே பலத்தோடு மிதித்தோம். கூம்பைத் தாண்டும்போது வண்டி ஏறக்குறைய 33 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கணக்கு எளிது: இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100-ல் வருகிறவர் நின்றுவிடும் இடத்தில், 120-ல் வந்தவர் இன்னும் 66 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். இருவரும் ஒரே புள்ளியில் பிரேக் போட்டதாக வைத்துக்கொண்ட கணக்கு இது. கால் பெடலுக்குப் போகும் முன் கடந்துவிடும் தூரத்தைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். தாளில் படித்தபோது எனக்கு இது உறைக்கவில்லை. கூம்பு பம்பரில் பட்டுப் பறந்தபோது உறைத்தது.

ஆனால் இதே தளத்தில் வேறு விதமான வகுப்பும் நடக்கிறது. பின்சக்கரம் வழுக்கும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்புறம் திருப்பி வண்டியை மீட்கக் கற்றுத்தருவது அது. மீட்டுவிட்டால் எல்லோரும் கைதட்டுவார்கள். இங்கேதான் எச்சரிக்கை தேவை. நார்வே 1979-ல் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்குச் சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு இளம் ஆண்களிடையே வழுக்குச் சாலை விபத்துகள் குறையவில்லை, கூடின. ஸ்வீடனில் 1996-ல் வெளியான ஒரு சோதனை இதற்கு விளக்கம் தருகிறது. ஒரு குழுவுக்குத் திறமையைக் கற்பித்தார்கள், இன்னொரு குழுவுக்குத் தங்கள் திறமை எவ்வளவு குறைவு என்பதை உணர்த்தினார்கள். இறுதியில் இரு குழுக்களின் உண்மையான திறனும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் திறமை கற்ற குழு தன்னைப் பற்றி மிகையாக மதிப்பிட்டது. 1995-லிருந்து கார்களில் வரத் தொடங்கிய இஎஸ்சி என்ற நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, பெரும்பாலான சறுக்கல்களை நம் கை அசையும் முன்பே பிடித்துவிடுகிறது. ஆகவே பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நாளின் முடிவில் என்னைத் தோற்கச் செய்து அனுப்புவீர்களா, வென்ற நினைப்போடு அனுப்புவீர்களா? முந்தையதைத் தேர்ந்தெடுங்கள்.

டிராக் டே

எனக்குத் தடம் மிகவும் பிடிக்கும். வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அதை முழுதாகச் செய்வதை உடம்பால் உணரும் இடம் அது. பிரேக் போடும்போது எடை முன்சக்கரங்களுக்கு ஓடுவது, திருப்பத்தில் ஆக்ஸிலேட்டரைத் திடீரென விட்டால் பின்பக்கம் இலேசாகிவிடுவது, ஒரு டயர் பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் தன் பிடியைப் பங்கிட்டுத்தான் கொடுக்கும் என்பது, இவையெல்லாம் சாலையில் ஆண்டுக்கணக்கில் ஓட்டினாலும் புலப்படாதவை. பயிற்றுநரை உடன் அமர்த்திக்கொண்டால் ஒரே காலையில் புலப்பட்டுவிடும். பார்வையை அடுத்த வளைவுக்கு அனுப்பும் பழக்கமும் வரும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிட இது ஒழுங்கானது. காலையில் விளக்கக் கூட்டம், கொடிகளின் பொருள், அனுபவத்துக்கேற்ற குழுக்கள், முன்னால் போகிறவர் கைகாட்டினால் மட்டும் முந்துவது. பல இடங்களில் சுற்று நேரத்தைக் கணக்கிடவே தடை. பந்தயம் அல்ல என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

இருந்தும் இதைப் பாதுகாப்புப் பயிற்சி என்று விற்பதை நான் ஏற்கமாட்டேன். தடத்தில் எதிரே வண்டி வராது, குழந்தை ஓடிவராது, ஒரே வளைவு காலை முதல் மாலை வரை அப்படியே இருக்கும். சாலையில் ஒவ்வொரு வளைவும் முதல்முறைதான். 1974-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, உரிமம் பெற்ற பந்தய ஓட்டுநர்களின் சாலைப் பதிவுகளைச் சாதாரண ஓட்டுநர்களோடு ஒப்பிட்டது. பந்தய ஓட்டுநர்களுக்குத்தான் விபத்துகளும் விதிமீறல்களும் அதிகம். தடம் அவர்களைக் கெடுத்தது என்று இதற்குப் பொருளில்லை. வேகத்தை விரும்புகிறவர்களே அங்கே போயிருக்கலாம். ஆனால் கைத்திறமை அவர்களைக் காப்பாற்றவில்லை என்பது உறுதி.

செலவும் கட்டணத்தோடு முடிவதில்லை. ஒரு நாளில் டயரின் ஓரங்கள் தேயும், பிரேக் பேடுகள் கரையும். டாட் 4 வகை பிரேக் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பழைய திரவத்துக்கான தர அளவு 155 டிகிரிதான். கொதித்த திரவத்தில் ஆவி புகுந்தால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. போவதற்கு முன் திரவத்தை மாற்றுவது என்னைப் பொறுத்தவரை கட்டாயம். காப்பீட்டைப் படித்துப் பாருங்கள்: சாதாரண வாகனக் காப்பீடுகள் பெரும்பாலும் தடத்தில் நேரும் சேதத்தை விலக்கிவிடுகின்றன; தடுப்புச் சுவரை இடித்தால் அதைச் சரிசெய்யும் செலவும் ஓட்டியவர் தலையில் விழலாம்.

கையிலிருக்கும் பணம் ஒன்றுக்கு மட்டும் போதுமென்றால்

சான்றுகள் இந்தத் தொழிலுக்குச் சாதகமாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2003-ல், மருத்துவ, சுகாதாரச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் ஆய்வுக் குழு, உரிமம் பெற்றபின் தரப்படும் ஓட்டுநர் கல்வி பற்றிய 24 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. விபத்துகளை அது குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவை விதிமீறியவர்களைத் திருத்த அனுப்பிய கல்வி. விரும்பிப் போய்ப் பக்கத்து இருக்கை ஆசிரியரிடம் மாதக்கணக்கில் கற்பதை அவை அளக்கவில்லை. என்றாலும், எந்தப் பயிற்சியையும் விபத்துக்கு எதிரான கவசம் என்று யாரும் விற்கக் கூடாது என்பதற்கு அந்தத் தொகுப்பே போதும்.

அப்படியானால் ஏன் சாலைப் பயிற்சியை முதலில் வைக்கிறேன்? அது மட்டும்தான் அன்றாடம் ஒத்திகை பார்க்கப்படுகிறது. தடத்தில் கற்ற கோடு மறுநாள் எங்கும் பயன்படாது. முழு பிரேக்கை ஆண்டுக்கு ஒருமுறைகூட மிதிக்க நேராது. ஆனால் முன்னால் செல்லும் வண்டியோடு இரண்டு வினாடி இடைவெளி, மழையில் அதன் இரட்டிப்பு, வளைவுப் புள்ளி, கண்ணாடியில் ஒரு பார்வை, இவை கடைக்குப் போய்வரும் பத்து நிமிடத்திலும் பழகும். பழகப் பழக ஆழமாகும். மேலும், அது தரும் திறமையைக் கூடுதல் வேகத்துக்குச் செலவழிக்க முடியாது. கூடுதலாகப் பார்க்கக் கற்றவர் கூடுதலாகத் தயங்கவும் கற்றுக்கொள்கிறார்.

இந்த வரிசைக்கு விலக்கு உண்டு. பழைய வண்டியை விற்று, இருமடங்கு ஆற்றலுள்ள வண்டி வாங்கியவர் முதலில் அந்த வண்டியோடே ஈரத்தளத்துக்குப் போகட்டும். மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்குத் தளப்பயிற்சியின் மதிப்பு காரைவிடக் கூடுதல்; இரண்டு சக்கரத்தில் அவசர பிரேக் தவறினால் விழுவது ஓட்டுபவர்தான். உரிமம் வாங்கி ஓராண்டுகூட ஆகாத இளைஞரை அவர் எவ்வளவு கெஞ்சினாலும் தடத்துக்கு அனுப்பமாட்டேன். வேகத்தை அடக்க முடியாதவர் சாலையில் செய்வதைத் தடத்தில் செய்துவிட்டுப் போகட்டும் என்ற வாதத்தைப் பாதி ஏற்கிறேன். மீதிப் பாதி, திரும்பி வரும் வழியில் கரைந்துவிடுகிறது.

அந்தத் திரும்பும் பயணம்தான் டிராக் டேயின் மிக ஆபத்தான பகுதி. நாள் முழுதும் 150-க்கு மேல் ஓட்டிய கண்ணுக்கு 80 என்பது நின்றுவிட்டதுபோல் தெரியும். எனக்கு அப்படித் தெரிந்தது. அன்று வெளிச் சாலையின் முதல் வளைவில் ஸ்பீடோமீட்டரைப் பார்த்து அதிர்ந்து காலை எடுத்தேன். இப்போது போனால், கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுகிறேன். ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்துகிறேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறேன். சூட்டில் ஏறிய காற்றழுத்தத்தைப் பகலில் குறைத்திருப்பேன். டயர் ஆறியதும் அதைப் பழைய அளவுக்கு நிரப்பி, சக்கர நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்த்த பிறகுதான் வெளிவாசலைக் கடக்கிறேன்.