நீச்சல் குளம் இருக்கு, வாளி இல்லை: நிலாவெளியில் சுழியோடப் போய்த் தங்கின கதை

திருகோணமலைக்குப் பக்கத்தில், நிலாவெளிக் கடற்கரையில் நட்சத்திர ஹோட்டல் ஒன்று. பெயர் வேண்டாம். அங்கே ஒரு பெரிய வாளி நல்ல தண்ணி எடுக்க நான் பட்ட பாட்டை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

சுழியோடிவிட்டுக் கரைக்கு வந்தால் முதல் வேலை சாமான்களை நல்ல தண்ணியில் ஊறவைப்பதுதான். மூச்சுக்குக் காற்றுத் தருகிற ரெகுலேற்றர், முகமூடி, கால் துடுப்பு, ரப்பர் உடுப்பான வெற்சூட் எல்லாவற்றிலும் உப்பு ஏறியிருக்கும். காய்ந்தால் அது பளிங்காகி வால்வுகளுக்குள் இறுகிவிடும். குழாய்க்குக் கீழே பிடித்து ஒரு அலசு அலசினால் போகாது, ஊற வேண்டும். கனடாவில் இந்தத் தொல்லையே இல்லை. நாங்கள் கோடையில் போகிற ரொபமோரி, ஹியூரன் ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரியே நல்ல தண்ணி. ஆனாலும் அங்கே நான் வழக்கமாகத் தங்கும் பழைய மோட்டலில், வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தொட்டியும் சுவர் நிறையக் கொளுக்கிகளும் இருக்கும். யாரும் கேட்காமலே வைத்திருக்கிறார்கள்.

இங்கே வரவேற்பு மேசையில் கேட்டேன். "வாளியோ? எதுக்கு சேர்?" விளக்கினேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார் அந்தப் பொடியன். கொஞ்ச நேரத்தில் அறைக் கதவைத் தட்டி, வெள்ளைத் துணி போட்ட தட்டில் வைத்துக் கொண்டுவந்தது, ஐஸ்கட்டி போடுகிற சின்ன வாளி. இடுக்கியும் கூட இருந்தது.

சரி, குளிக்கிற இடத்தில் நின்று ஒவ்வொன்றாக அலசினேன். வெற்சூட்டைப் பல்கனிக் கதிரையில் விரித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் கதிரை இருக்கிறது, வெற்சூட் இல்லை. கீழே ஓடினால் மனேஜர் வந்தார். நீச்சல் குளத்தடியில் இருப்பவர்களுக்குப் பார்வைக்கு அழகில்லையாம், பல்கனியில் எதுவும் காயப்போட ஏலாதாம், அது ரூலாம். "கவலைப்படாதேங்கோ சேர், பத்திரமா வச்சிருக்கிறம், விடியக் காலமை எடுக்கலாம்."

விடியக் காலமை என்றால் எனக்கு ஆறு மணி. படகு ஆறரைக்கு. நாங்கள் சுழியோடுகிற புறாத்தீவுப் பக்கம் காற்று எழும்ப முன்பே இறங்கி ஏறிவிட வேண்டும், அதற்காகத்தான் அந்த நேரம். வெற்சூட் இருந்தது கேற்றடிக் காவலர் அறையில். அறை பூட்டு. திறப்பு இரவுக் காவலரிடம், அவர் வேலை முடிந்து இறக்கக்கண்டிக்குப் போய்விட்டார். பகல் காவலருக்குத் திறப்பு எங்கே என்று தெரியாது, ஆனால் தேநீர் குடிக்கிறீர்களா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். காலைச் சாப்பாடு ஏழரைக்குத்தான் தொடங்கும் என்று அதே மரியாதையோடு இன்னொருவர் சொன்னார். படகில் ஒரு ஜெர்மன் சோடி எனக்காகக் காத்திருந்தது. கடைசியில் சுழியோடிக் கடைத் தம்பி ஒரு பழைய வெற்சூட்டைத் தூக்கித் தந்தார். வயிற்றடியில் இறுக்கிப் பிடித்து மூச்சு விட முடியவில்லை. ஸ்கூபாவில் மூச்சு விடுவதைத் தவிர வேறு வேலையே இல்லை என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மத்தியானம் என்னுடையது கிடைத்தது. ஈரத்தோடு கறுப்புப் பொலித்தீன் பைக்குள் போட்டு வாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அவிழ்த்தால் மழைக்கு நனைந்த கருவாட்டுப் பெட்டி மாதிரி ஒரு மணம். இதற்கு டொலரில் வாடகை. ரொறன்ரோவில் ஒரு கோப்பி ஆறிப்போனாலே மன்னிப்புக் கேட்டு இன்னொன்று தருவார்கள். இங்கே மனேஜர் என்னைப் பார்த்து, "நீங்கள் முதலே சொல்லியிருந்தா..." என்றார். முதலே சொன்னதற்குத்தானே ஐஸ்வாளி வந்தது!

கடைத் தம்பிதான் வழி காட்டினார். "அண்ணை, அங்க உள்ளுக்க ஒரு அக்காட வீடு இருக்கு. மேல ரெண்டு அறை விடுறவ. ஏசி பெரிசா வேலை செய்யாது. ஆனா உங்களுக்குச் சரிவரும்." கடற்கரையிலிருந்து நடந்து போகிற தூரம், மணல் ஒழுங்கை. ஒரு நாய் குரைத்தது. அக்கா வெளியே வந்து என் முகத்தைப் பார்க்க முன் என் பையைப் பார்த்தா.

"அந்தக் கிணத்தடிப் பரலுக்குள்ள போடுங்கோ தம்பி. மூடியைப் பூட்டிப்போட்டுப் போடுங்கோ, உள்ளுக்க தண்ணி போகப்படாது."

எனக்கு ஒரு நிமிஷம் வாயடைத்துப் போனது. ரெகுலேற்றரில் சிலிண்டரோடு பூட்டுகிற பக்கத்துக்கு ஒரு சின்ன மூடி உண்டு. அதைப் பூட்டாமல் தண்ணிக்குள் போட்டால் உள்ளே ஈரம் இறங்கி முழுக்கப் பழுதாகிவிடும். கனடாவில் பயிற்சிக்குக் காசு கட்டிப் படித்த சங்கதி இது. இந்த அக்கா பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கோழியைத் துரத்திக்கொண்டு சொல்கிறா.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அவவின் புருஷன் கடலட்டைக்குச் சுழியோடினவர். கடலட்டையை எங்கள் ஆட்கள் சாப்பிடுவதில்லை, அவித்துக் காயவைத்து சீனா, ஹொங்கொங் பக்கம் ஏற்றுமதியாகிறது. அதற்காக இறங்குகிற பொடியன்களுக்கு என்னைப் போல ஆழமும் நேரமும் கணக்குப் பார்க்கிற கைக் கணினி கிடையாது, மேலே ஏறும்போது நின்று நிதானித்து ஏற நேரமும் கிடையாது. ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைதரசன், விரைவாக மேலே வந்தால் குமிழியாகி மூட்டுகளில் நிற்கும். அண்ணைக்கு இப்போது தோள்மூட்டு சரியில்லை. தொழிலை விட்டுவிட்டார், நீலப் பரல் மட்டும் கிணற்றடியில் நிற்கிறது. இரவில் முற்றத்தில் கதிரை போட்டு, "எத்தனை அடிக்குப் போனனீங்கள்? எவ்வளவு நேரம்?" என்று என்னை விசாரிப்பார். சொன்னால் மனதுக்குள் கணக்குப் பார்த்து, "ம், பறவாயில்லை" என்பார்.

கொடி இரண்டு தென்னைக்கு நடுவில், நிழலில். வெயிலில் போட்டால் வெற்சூட் வெடித்துப்போகும் என்று அவர்களுக்கு நான் சொல்லத் தேவைப்படவில்லை. ஆறு மணிக்கு முன் இடியப்பம், சொதி, சம்பல். நேரமில்லை என்றால் லஞ்ச் சீற்றில் சுற்றிய பார்சல். குறை சொல்ல நிறைய இருக்கிறது: நுளம்பு, மின்விசிறி போடுகிற சத்தம், அறைக்குள் எட்டிப் பார்க்காத வைஃபை. கனடாவில் இப்படி ஒரு அறைக்கு நான் ஒரு நட்சத்திரம்கூடப் போட மாட்டேன். இங்கே மிச்ச நாள் முழுக்க இருந்தேன்.

திருகோணமலை நகரத்தில் மாமி வீடு இருக்கும்போது ஏன் காசைக் கொட்டினாய் என்று கேட்பீர்கள். மாமியும் கேட்டா, இப்போதும் கோபம். அந்தக் காலத்தில் லீவுக்கு வந்தால் மாமி வீட்டுத் திண்ணையில் பாய் போட்டுப் படுத்து, கோணேசர் கோவிலுக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் போய்வருவதுதானே நடைமுறை. ஆனால் நகரத்திலிருந்து நிலாவெளி சுமார் 15 கிலோமீற்றர். விடியப்புறம் ஓட்டோ பிடித்து, மாமியை எழுப்பாமல் வெளிக்கிடுவது நடக்காத காரியம்.

எங்கே இறங்கப் போகிறீர்களோ அதற்குப் பக்கத்தில் தங்குங்கள். புறாத்தீவு என்றால் நிலாவெளி. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான். 2003இல் தேசியப் பூங்காவானது, நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். கனடாக் கடவுச்சீட்டைக் காட்டினால் வெளிநாட்டார் கட்டணம்தான், "நான் இங்க பிறந்தனான்" என்ற கதை அங்கே எடுபடாது. கோணேசர் கோவில் நிற்கிற சுவாமி மலையடியில் இறங்க ஆசையென்றால் நகரத்துக்குக் கிட்ட உள்ள உப்புவெளி வசதி. போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோவிலின் தூண்களை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரோடு சுழியோடின மைக் வில்சனும் 1956இல் கண்டது அந்தக் கடலடியில்தான். ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்க வேண்டும் என்று துடிப்பவர்கள் மட்டக்களப்பில் தங்க வேண்டும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கப்பல், 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, சாதாரண சுழியோடிச் சான்றிதழோடு அங்கே போக முடியாது.

இன்னொன்று, அதே நைதரசன் குமிழிக்குப் பயந்துதான், கடைசிச் சுழியோடலுக்கும் விமானத்துக்கும் இடையில் ஒரு முழு நாள் விடுங்கள். பல நாள் இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணித்தியாலம் என்பது பொது விதி. மலை ஏறுவதும் அதே கணக்குத்தான்; நிலாவெளியில் காலையில் இறங்கிவிட்டுப் பின்னேரமே நுவரெலியாவுக்கு வான் பிடிக்க வேண்டாம். யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, வழி முழுக்கத் தட்டை. எங்கள் ஆட்களுக்கு நல்ல வசதி என்னவென்றால், பிள்ளைகளின் கோடை விடுமுறை, நல்லூர்த் திருவிழா, கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் காலம் எல்லாம் ஒன்றாக வரும்.

அந்த அக்காவின் வீடு இணையத்தில் எங்கும் இல்லை. நிலாவெளியில் எந்தச் சுழியோடிக் கடையிலும் போய், சாமான் ஊறவைக்கப் பரல் உள்ள வீடு எது என்று கேளுங்கள், இதைப்போல இன்னும் சிலது இருக்கிறதாம். கிறிஸ்மஸ் லீவுக்கு வருகிறவர்கள் கேட்டுப் பிரயோசனமில்லை. அப்போது வாடைக் கடல் பொங்கும், படகுகளைக் கரையில் இழுத்து ஏற்றிவிடுவார்கள். அவர்கள் தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவைப் பக்கம் பார்க்கட்டும்.