கைப்பிடி ரிஃப்ராக்டோமீட்டர்: வாங்கலாம், ஆனால் அதன் பூஜ்யத்தை நம்பாதீர்கள்

கடல்நீர் மீன்தொட்டியின் உப்பை அளக்கும், ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழ் ஊசியில் ஒட்டினாலே உப்பைக் கூட்டிக் காட்டும். உப்புப் படிந்து ஊசி கனத்தால் குறைத்துக் காட்டும். நீர் ஒளியை வளைக்கும் அளவை வைத்து உப்பைக் காட்டும் கைப்பிடி ரிஃப்ராக்டோமீட்டரில் இந்தத் தொல்லை இல்லை. பேட்டரி வேண்டாம், இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் போதும். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டைப் படித்தால் வேலை முடிந்தது. கடல்நீர்த் தொட்டி வைப்பவர் தயங்காமல் வாங்கலாம்.

கோளாறு, கூடவே வரும் வழிமுறைத் தாளில் இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரை விட்டு, கோடு 0-வில் நிற்கும்வரை திருகைத் திருப்பச் சொல்கிறது. பவளத் தொட்டியோ 35 பி.பி.டி.யில் (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு) ஓடுகிறது. 0-வில் சரியாக நிற்கும் கருவி 35-லும் சரியாக நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்னொன்று: சந்தையில் கிடைக்கும் பல கருவிகளின் அளவுகோல் கடல்நீருக்கானதே அல்ல, வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்கானது. அதில் அசல் 35 பி.பி.டி. கடல்நீர் ஏறக்குறைய 36.5 என்று தெரியும். அதை நம்பி ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்து 35-க்கு இறக்கினால், தொட்டி உண்மையில் 33.5 பக்கம் நிற்கும். மீன்கள் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் அல்கலினிட்டியும் (காரத்தன்மை) கூடவே இறங்கியிருக்கும். காரணம் புரியாமல் டோஸிங்கை, அதாவது அவற்றைத் தொட்டியில் சேர்க்கும் அளவைக் கூட்டுவதுதான் அடுத்து நடப்பது.

உங்களுடையது எந்த ரகம் என்று கண்ணாடிக்குள்ளேயே பார்க்கலாம். 35 பி.பி.டி.க்கு நேர் எதிரே ஒப்படர்த்தி 1.025 என்று இருந்தால் உப்புக் கரைசல் ரகம், 1.0265 அருகே இருந்தால் கடல்நீர் ரகம்.

எந்த ரகமானாலும் தீர்வு ஒன்றே. 35 பி.பி.டி. ஸ்டாண்டர்டு கரைசலை (அளவு முன்பே தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) விட்டு, கோடு 35-ல் நிற்கும்படி திருகைத் திருப்புங்கள். கரைசலை வீட்டிலேயே செய்யலாம்: 36.5 கிராம் சுத்தமான, காய்ந்த சோடியம் குளோரைடு, 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீர். இது 35 பி.பி.டி. கடல்நீர் அளவுக்கே ஒளியை வளைக்கும். 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும், கரண்டி அளவு உதவாது. மூடி இறுக்கமான பாட்டிலில் வையுங்கள். நீர் ஆவியானால் ஸ்டாண்டர்டே பொய் சொல்லும்.

இப்படி 35-ல் நிறுத்திய உப்புக் கரைசல் ரகக் கருவி, கீழே போகப் போகக் குறைத்துக் காட்டும். மீன் நோய்க்காக ஒப்படர்த்தி 1.009 அளவில் ஹைப்போசாலினிட்டி (உப்பைக் குறைக்கும்) வைத்தியம் செய்பவர்கள் அந்த நாட்களில் மட்டும் 0-வுக்கு மாற்றிக்கொள்ளட்டும். வழிமுறைத் தாள் பயன்படும் ஒரே இடம் அதுதான்.

ஏ.டி.சி. (தானியங்கி வெப்ப ஈடு) என்று பொறித்திருப்பது பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை கருவியின் வெப்பத்தைத்தான் ஈடுகட்டும். அதனால் சொட்டும் கருவியின் வெப்பத்துக்கு வர, விட்டபின் 30 வினாடியாவது பொறுங்கள். அதற்காக நிமிடக்கணக்கில் விட்டாலும் சொட்டு ஆவியாகி அளவு ஏறும். கோடு மங்கலாக இருந்தால் மூடிக்கு அடியில் குமிழ் இருக்கும், துடைத்து மறுபடி விடுங்கள். புதிதாகக் கலக்கும் உப்புநீர் முழுக்கத் தெளியும்முன் எடுக்கும் அளவுக்கு மதிப்பில்லை.

அளந்ததும் பிரிஸத்தை (சொட்டு விடும் கண்ணாடி) ஆர்.ஓ. தண்ணீரால் துடையுங்கள். கருவியைக் குழாய்க்கு அடியில் பிடித்துக் கழுவ வேண்டாம், உள்ளே நீர் புகுந்தால் பார்வை பனித்துவிடும்.