1,180 டாலருக்கு நாமம்: பழைய ஷெவெல் வைத்திருப்பவர்கள் ஷாக் வாங்குமுன் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நாகரிகமாக எழுதத் தோன்றும், அது யாருக்கும் பயன்படாது.

போனது 1,180 டாலர். நான்கு ஷாக் அப்சார்பர்களுக்கு. வண்டி 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்.எஸ். 396. (பெயரில்தான் 396. அந்த மாடலில் உள்ளே இருந்தது 402 கன அங்குல எஞ்சின். ஸ்டிக்கர் ஒன்று, சரக்கு ஒன்று என்பது இந்தத் துறையில் பழைய பழக்கம் போலிருக்கிறது.)

கடைப் பெயரைப் போடவில்லை, விவகாரம் கார்டு வங்கியிடம் நிலுவையில் இருக்கிறது. பழைய மசில் கார்களுக்கு சஸ்பென்ஷன் சாமான் மட்டும் விற்கும் ஆன்லைன் கடை, போன் போட்டால் "டெக்னிக்கல் ஆலோசகர்" என்று ஒருவர் பேசுவார், அந்த ரகம். ஷாக்கை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைக் கடைசியில் முழுசாகச் சொல்கிறேன்.

முதலில் எப்படி நம்ப வைத்தார்கள் என்பது. அந்த ஆலோசகர் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஸ்பிரிங் ரேட் (ஸ்பிரிங்கை ஓர் அங்குலம் அமுக்கத் தேவைப்படும் எடை) என்ன என்று கேட்டார். முன்பக்கம் அங்குலத்துக்கு 550 பவுண்டு, பின்பக்கம் 175. வண்டியின் உயரத்தை எவ்வளவு இறக்கியிருக்கிறது? இரண்டு பக்கமும் 2 அங்குலம். எஞ்சின் பெரிய பிக் பிளாக்கா, சின்ன ஸ்மால் பிளாக்கா? ஸ்வே பார் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி) என்ன தடிமன்? பம்ப் ஸ்டாப்பை (சக்கரம் மிஞ்சி மேலே ஏறி இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) மாற்றியாயிற்றா? விஷயம் தெரிந்தவன் கேட்கிற கேள்விகள் இவை, அதில் சந்தேகமே இல்லை. முன்பக்க ஸ்பிரிங், சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்காருவதால் சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட பாதி. அதை வர்க்கப்படுத்த வேண்டும் என்பதால் 550 பவுண்டு ஸ்பிரிங் சக்கரத்தில் சுமார் 140 பவுண்டாகத்தான் தெரியும். இந்தக் கணக்கை அந்த ஆள் போனிலேயே போட்டார். "ஒரிஜினலைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஸ்பிரிங், அது திருப்பி உதைக்கிற வேகத்தைப் பிடிக்க ரீபவுண்டை (ஷாக் நீளும்போதுள்ள தடையை) ஏற்ற வேண்டும், கம்ப்ரெஷனை (சுருங்கும்போதுள்ள தடையை) அந்த அளவுக்கு ஏற்றக் கூடாது" என்றார். நூற்றுக்கு நூறு சரி. "உங்கள் வண்டிக்கென்றே வால்வு (ஷாக்குக்குள் ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது) அமைத்து அனுப்புகிறோம். மோனோடியூப் (ஒற்றைக் குழாய்), டபுள் அட்ஜஸ்டபிள், பின்பக்கம் குட்டை பாடி" என்று முடித்தார். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? 1,180 டாலர் கார்டில் போய்ச் சேர்ந்தது.

வந்தது என்ன? நான்கும் ட்வின்டியூப், அதாவது குழாய்க்குள் குழாய். மோனோடியூப் என்றால் உள்ளே நைட்ரஜன் நல்ல அழுத்தத்தில் நிற்கும், கட்டியிருக்கும் பட்டையை அறுத்ததுமே ராடு தானாக வெளியே வரும். கையால் முழுக்க அழுத்தினாலும் விட்டதும் திரும்பி வந்துவிடும். இவை அழுத்திய இடத்திலேயே கிடந்தன. ட்வின்டியூப் கெட்ட சாமான் என்று சொல்லவில்லை. தெரு வண்டிக்கு நல்ல ட்வின்டியூப் தாராளமாகப் போதும். அதைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தால் உள் குழாயில் காற்று ஏறும், நிமிர்த்திப் பிடித்துச் சில முறை இழுத்து அழுத்தினால் சரியாகிவிடும். ஆனால் மோனோடியூப் என்று காசு வாங்கிக்கொண்டு இதைத் தலையில் கட்டுவதற்குப் பெயர் வேறு.

அதைவிடப் பெரிய கோளாறு நீளத்தில். வண்டியை இறக்கினால் முன்பக்க ஷாக் ஓரளவு தப்பிக்கும். அது ஆர்மின் நடுவில் இருப்பதால் சக்கரம் 2 அங்குலம் ஏறினால் ஷாக் சுமார் 1 அங்குலம்தான் சுருங்கும். பின்பக்கம் அப்படி இல்லை. அங்கே ஷாக் நேராக ஆக்ஸிலில் மாட்டியிருக்கிறது, இறக்கிய 2 அங்குலத்தில் பெரும்பகுதி அப்படியே ஷாக்கின் பயணத்தைத் தின்றுவிடும். இந்த வண்டியில் பின் ஷாக்கின் மேல் போல்ட் தளத்திலிருந்து கீழ் ஸ்டட் வரை, சக்கரம் தரையில் நிற்கும்போது 14.7 அங்குலம். வாக்குக் கொடுத்த ஷாக் முழுதாகச் சுருங்கினால் 11.6, அதாவது 3.1 அங்குலம் மிச்சம் இருக்கும். வந்ததைச் சுருக்கி அளந்தால் 13.2. மிச்சம் ஒன்றரை அங்குலம். பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொட ஆக்ஸில் இரண்டே கால் அங்குலம் ஏற வேண்டும். ஆக ரப்பர் தொடுவதற்கு முக்கால் அங்குலம் முன்பே ஷாக்கின் பிஸ்டன் அடியில் போய் இடிக்கும். வண்டியின் பின்பாரம் முழுக்க அந்த ராடிலும் மேலே இருக்கும் இரண்டு போல்ட்டிலும் இறங்கும். சீல் போகும், ராடு வளையும், கவனிக்காமல் விட்டால் மேல் மவுன்ட் கிழியும். இறக்கிய வண்டிக்கு ஒரிஜினல் நீள ஷாக்கை அனுப்பியிருக்கிறார்கள், விஷயம் அவ்வளவுதான். 2 அங்குலம் என்று அவர்களே கேட்டு எழுதிக்கொண்ட பிறகு!

பள்ளத்தில் பின்பக்கம் இடிக்கிறது என்று சொன்னதும் முதல் பதில்: "புது ஷாக் செட்டாக 500 மைல் ஓட வேண்டும்." உலோகத்தோடு உலோகம் இடிப்பது எத்தனை மைலில் செட்டாகும் என்று சொல்லவில்லை. அடுத்த பதில்: "இரண்டு நாபையும் (ஷாக்கின் தடையை மாற்றும் திருகுகள்) நாலு கிளிக் ஏற்றுங்கள்." இதில்தான் ஆத்திரம் தலைக்கேறுகிறது. ரீபவுண்டை ஏற்றினால் ஷாக் சுருங்கும், ஆனால் அடுத்த மேடு வருவதற்குள் முழுக்க நீளாது. மேடு மேடாக வந்தால் வண்டி படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போகும். ஏற்கெனவே பயணம் இல்லாத ஷாக்கில் இதைச் செய்யச் சொன்னால் இடி கூடத்தான் செய்யும். கூடியது. ஒரு பின் ஷாக்கில் ஆயில் கசிந்தது. உடனே மூன்றாவது பதில் தயார்: "தவறான செட்டிங்கில் ஓட்டியதால் கசிவு, வாரன்டி கிடையாது."

ரேஸ் கார் ஷாக்குகளைப் பிரித்துக் கட்டும் பட்டறை ஒன்றில் டைனோவில் (ஷாக்கின் தடையை அளந்து வரைபடம் போடும் இயந்திரம்) ஏற்றியபோது மிச்சமும் வெளியே வந்தது. டபுள் அட்ஜஸ்டபிள் என்றால் ஒரு நாப் ரீபவுண்டை மாற்ற வேண்டும், இன்னொன்று கம்ப்ரெஷனை. ரீபவுண்ட் நாப் வேலை செய்தது. கம்ப்ரெஷன் நாபை அடியிலிருந்து உச்சிவரை திருப்பியும் வரைபடத்தில் கோடு நகரவே இல்லை. கிளிக் சத்தம் மட்டும் அழகாக வருகிறது. முன் ஷாக் இரண்டையும் ஒரே கிளிக்கில் வைத்தால் இடதும் வலதும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம். பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கமாகக் குனிந்ததற்குக் காரணம் அது. "வண்டிக்கென்றே அமைத்த வால்வு" லட்சணம் இது.

டைனோ தாளை அனுப்பியதும் குரல் மாறியது. ஆலோசகர் லைனுக்கு வருவதே இல்லை. மேனேஜர் லீவு. போட்டோ அனுப்புங்கள், வீடியோ அனுப்புங்கள், இந்த வீடியோ ஓபன் ஆகவில்லை. ஒருமுறை போல்ட் போட்டு மாட்டிய சாமான் திரும்ப எடுப்பதில்லை. கடைசியாக வந்த மின்னஞ்சல்தான் உச்சம்: இது ஸ்பெஷலாகச் செய்து கொடுத்த ஆர்டர், ஆகவே ரிட்டர்ன் இல்லை. அலமாரியில் கிடந்ததை எடுத்துப் பெட்டியில் போட்டவன், திருப்பிக் கேட்டால் மட்டும் "உங்களுக்கென்றே செய்தது" என்கிறான். போனில் கேட்ட அத்தனை கேள்வியும் இந்த ஒரு வரிக்காகத்தான் என்று இப்போது புரிகிறது. 1,180 டாலருக்குப் பதில் கடையிலேயே செலவழிக்க 200 டாலர் கிரெடிட் தருகிறார்களாம். யாருக்கு வேண்டும்?

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் கொட்டிவிடுகிறேன்.

காசு கொடுக்குமுன் சுருங்கிய நீளம், நீண்ட நீளம் இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். "உங்கள் மாடலுக்குப் பொருந்தும்" என்ற வார்த்தை செல்லாது, அது இறக்காத வண்டிக்கு. வண்டியைத் தரையில் நிறுத்தி நீங்களே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஷாக்கின் மொத்தப் பயணத்தில் பாதிக்குக் குறையாமல் சுருங்குவதற்கு மிச்சம் இருக்க வேண்டும். நீண்ட நீளமும் முக்கியம். இந்த வகை ஷெவெலில் பின் ஆக்ஸில் கீழே தொங்காமல் பிடிப்பதே ஷாக்தான், அது அளவுக்கு மீறி நீண்டால் ஜாக்கி போடும்போது குட்டை ஸ்பிரிங் இடத்தைவிட்டுக் கழன்றுவிடும்.

"வால்வு அமைத்துத் தருகிறோம்" என்றால் அந்த ஷாக்கின் சீரியல் எண் போட்ட டைனோ தாள் கேளுங்கள். தர முடியாது என்றால் வைத்துவிடுங்கள் போனை.

மாட்டுவதற்கு முன் கையில் வைத்துச் சோதியுங்கள்: முழுக்க அழுத்தி டேப்பால் அளவு, பிறகு ஒவ்வொரு நாபையும் அடியிலும் உச்சியிலும் வைத்து அழுத்தி இழுத்து வித்தியாசம். கம்ப்ரெஷன் நாபை உச்சியில் வைத்தால் அழுத்தக் கை கனக்க வேண்டும். கனக்கவில்லையா, ஸ்பானரைத் தொடாதீர்கள், போல்ட் தழும்பு விழுந்தால் அதையே காரணம் காட்டுவார்கள்.

தடிமனான பாடி முன்பக்கக் கீழ் ஆர்ம் ஓட்டைக்குள் நுழையுமா என்று பாருங்கள். நுழையவில்லை என்று ஆர்மை ராவினால் அதையும் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள்.

கார்டில் மட்டும் கொடுங்கள். அமெரிக்காவில் 1974 ஃபேர் கிரெடிட் பில்லிங் சட்டப்படி, அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். "500 மைல் ஓட்டுங்கள்" என்பது அந்தக் கெடுவைத் தின்பதற்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியையும் அதன் மேல் ஒட்டிய பார்ட் நம்பர் லேபிளையும் குப்பையில் போடாதீர்கள், வங்கி முதலில் கேட்டதே அதைத்தான்.