தண்ணீர் பிரஷ்: ஆடு மாடு வரைகிறவர்களுக்காக

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மேசையில் உட்கார்ந்து பூச்சாடியும் பழத்தட்டும் வரைகிறவர்களுக்கு இந்தப் பிரஷ் தேவையே இல்லை. ஆடு, மாடு, கோழிக்கு நடுவில் நின்றுகொண்டு, ஒரு கையில் நோட்டும் ஒரு கையில் பிரஷும் மட்டும் வைத்து வரைகிறவர்களுக்கு, இந்த விலையில் இதைவிட உதவியான சாமான் இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

பார்க்க ஸ்கெட்ச் பேனா மாதிரி இருக்கும். பிடி முழுவதும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய், அதில் தண்ணீர் நிரப்பி மூடிவிட வேண்டும். கழுத்தில் நுண்ணிய துளையுள்ள ஓர் அடைப்பு, அதற்கு முன்னால் நைலான் முடி. ஈரம் தானாகவே முனைக்குக் கசிந்து வரும், கூடுதலாக வேண்டுமென்றால் வயிற்றை லேசாக அழுத்தினால் போதும். சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று சேர்ந்த செட்டை ஆன்லைனில் 300 ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்து வாங்கினேன். ஏறக்குறைய இதே பொருளைப் பல பெயர்களில் விற்கிறார்கள், அதனால் பெயரைப் பார்த்து அதிகம் கொடுக்க வேண்டாம்.

நான் இருப்பது வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கம். விடியற்காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, சாணி வாரி, நிலக்கடலைக் கொடியோ சோளத்தட்டையோ போட்ட பிறகு மாடுகள் படுத்து அசைபோட ஆரம்பிக்குமே, அந்த நேரம்தான் எனக்கு வரைகிற நேரம். மாடு ஒரு நாளில் 6 முதல் 8 மணி நேரம் அசைபோடும் என்பதால் விலங்கு வரையக் கற்பவர்களுக்கு அதைவிட நல்ல மாடல் கிடையாது, உடம்பு அசையாது, தாடை மட்டும் பக்கவாட்டில் சுற்றும், அவ்வப்போது ஒரு காது ஈயை விரட்டும். ஆனால் கொட்டாயில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கீழே வைத்து வரைந்து பாருங்கள். கன்றுக்குட்டி தட்டிவிடும், ஆடு வந்து குடித்துவிடும், இல்லாவிட்டால் கோழி கிளறிய குப்பை வந்து விழும். தண்ணீர் பிரஷில் டம்ளரே இல்லை. ஓர் ஓரமாகச் சாய்ந்துகொள்ளச் சுவர் இருந்தால் போதும், அதுவும் இல்லாவிட்டால் நோட்டை முன்கையில் தாங்கிக்கொண்டே வரையலாம்.

கோடு எப்படி வருகிறது என்பதுதான் முக்கியம். திமிலிலிருந்து தொடங்கி முதுகு வழியாக வால் அடிவரை போகும் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திமிலில் அழுத்தி, முதுகுப் பள்ளத்தில் தளர்த்தி, இடுப்பு எலும்பில் மறுபடியும் அழுத்தினால் ஒரே இழுப்பில் மாட்டின் எடை முழுவதும் காகிதத்தில் இறங்கிவிடுகிறது. பென்சிலில் இதைக் கொண்டுவர நாலு கோடு போட்டு அழிக்க வேண்டும், அதற்குள் மாடு எழுந்துவிடும், அதுவும் பின்னங்கால்களை முதலில் ஊன்றித் தூக்கும்போது வருகிற அந்தக் கோணலான நிலை நொடியில் போய்விடும். கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியின் மடிப்புகளுக்கு முனையைப் படுக்கவைத்து இழுத்தால் ஒரு பக்கம் அடர்த்தியும் மறு பக்கம் வெளிறலும் சேர்ந்தே வரும். எருமைக்கு இது இன்னும் பொருத்தம். ஏரியிலிருந்து ஏறி வரும் எருமையின் நனைந்த தோலில் வானம் தெரியும் இடத்தை வெள்ளையாக விட்டுவிட்டு மற்றதை ஈரத்தில் கரைத்துவிடலாம். ஆட்டுக்குச் சிறிய அளவுப் பிரஷ் சரிப்படவில்லை, முடி ரொம்பக் குட்டை, ஒல்லிக்காலை இழுத்து முடிப்பதற்குள் ஈரம் தீர்ந்துவிடுகிறது.

இப்போது குறை. நம் ஊர் வெயிலுக்கு இது சொட்டும். காரணம் எளிமையானது, குழாயில் பாதித் தண்ணீரும் பாதிக் காற்றும் இருந்தால், வெயிலிலோ கைச்சூட்டிலோ அந்தக் காற்று விரிந்து தண்ணீரை வெளியே தள்ளுகிறது. வேலூரில் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டுவது புதிதில்லை, அந்த நேரத்தில் சட்டைப் பையில் வைத்துவிட்டு எடுத்து வரைந்தால் மாட்டின் முகத்தின் நடுவில் ஒரு சொட்டு விழுவது நிச்சயம். காற்றுக்கு இடமே இல்லாமல் கழுத்துவரை நிரப்புங்கள், பாதி தீர்ந்ததும் மறுபடி நிரப்புங்கள், வெயிலில் வைக்காதீர்கள். இதைச் செய்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். இன்னொன்று, போர் தண்ணீர் ஊற்ற வேண்டாம். எங்கள் பக்கம் உப்பு அதிகம், அடைப்பில் வெள்ளையாகப் படிந்து ஈரம் வருவது குறைந்துபோகும். கேன் தண்ணீரோ மழைத் தண்ணீரோ நல்லது.

இதற்கு உண்மையான பரீட்சை செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில்தான். கறவை மாடு, உழவு மாடு, கன்று, ஆடு, கோழி என்று எல்லாம் ஓர் இடத்தில், ஜெர்சிக் கலப்பும் நாட்டு மாடும் அடுத்தடுத்துக் கட்டியிருக்கும், எலும்பு அமைப்பு எப்படி வேறுபடுகிறது என்று பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். ஜெர்சிக்குத் திமில் இருக்காது, முதுகு பலகையாகப் போகும், நாட்டு மாட்டுக்கு முதுகே ஒரு அலை. கூட்டத்தில் ஸ்டாண்டு போட்டு வண்ணப்பெட்டி விரித்தால் வழி மறிக்கிறோம் என்று திட்டுவார்கள், நியாயம்தான். பிரஷும் நோட்டும் மட்டும் என்றால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்த தரகர் ஒருவர் பேரம் முடிந்ததும் என் நோட்டை எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, மாடு நல்லாத்தான் கீது, இது எத்தினி பல்லு?" என்று கேட்டார். மாட்டின் வயதைப் பல்லில் பார்க்கிறவர் அவர், சுமார் 2 வயதில் இரண்டு பல், 4 வயதுக்கு மேல் எட்டுப் பல். "படத்துல பல்லு தெரியாதேண்ணா" என்றேன். "பல்லு தெரியாட்டி இன்னா, கொம்பப் பார்த்தா தெரியணும், கண்ணுக்கு மேல குழியப் பார்த்தா தெரியணும்" என்றார். எந்த ஓவிய வகுப்பிலும் எனக்குக் கிடைக்காத விமர்சனம் இது. கன்று ஈன ஈனக் கொம்பின் அடியில் விழும் வளையங்களையும், வயதான மாட்டின் கண்ணுக்கு மேல் இறங்கும் குழியையும் அதற்குப் பிறகு நான் விடுவதே இல்லை, அந்தக் குழிக்கு நடுத்தரப் பிரஷின் ஓர் ஈரத் தொடுதல் போதும்.

சரி, தண்ணீர் மட்டும் ஊற்றினால் வண்ணக்கட்டி தனியாக வேண்டும். எனக்குப் பிடித்தது குழாயிலேயே மையை நிரப்பிக்கொள்வது, இந்தப் பிரஷை நான் இவ்வளவு சிபாரிசு செய்வதற்குக் காரணமும் அதுதான். பவுண்டன் பேனா மையில் தண்ணீர் கலந்து நிரப்பினால் அடைக்காமல் அழகாக ஓடும், ஆனால் வெளிச்சம் படும் சுவரில் மாட்டினால் அது வெளுத்துப்போகும் சாயம். கடைகளில் கிடைக்கும் தண்ணீர் படாத கறுப்பு மையை ஊற்றாதீர்கள், அரக்கு கலந்தது, உள்ளே காய்ந்தால் பிரஷைத் தூக்கிப்போட வேண்டியதுதான். புளியங்குச்சியைச் சுட்டுக் கரியாக்கி அரைத்தும் நிரப்பிப் பார்த்தேன். புளியங்கரி கோடு போட அருமையான பொருள், ஆனால் குழாய்க்குள் துகள் அடியில் தங்கிவிடுகிறது. அதைக் குச்சியாகவே வைத்துக் காகிதத்தில் தேய்த்துவிட்டு, மேலே தண்ணீர் பிரஷை இழுத்தால் கறுப்பு ஆட்டின் மயிர் அப்படியே வரும். காய்ந்த பிறகு கரி உதிராமலிருக்க, ஆடை எடுத்த பாலில் தண்ணீர் கலந்து மெல்லத் தெளிக்கிறேன். பென்சில் படத்தைப் பால் ஊற்றி நிறுத்துவது பற்றி ஓவியர் வான்கோ தன் கடிதங்களில் எழுதியிருக்கிறார், பால் மாடு வைத்திருக்கிற நமக்கு இதற்கென்று தனியாக ஸ்பிரே வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

எல்லாவற்றிலும் சிறந்தது கடுக்காய் மை. கடுக்காய் நமக்கு ஜவ்வாது மலையிலிருந்தே வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் குரோமியம் வருவதற்கு முன்னால் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் வைத்துத்தான், மாட்டுத்தோலைப் பதப்படுத்திய அதே துவர்ப்பில் மாட்டை வரைகிறோம் என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது, இந்தப் பக்கம் மாடு வரைய இதைவிடப் பொருத்தமான மை இருக்க முடியாது. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த் தூளும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் வாங்குங்கள். கடுக்காய் மூன்று பங்கு, அன்னபேதி ஒரு பங்கு. கடுக்காயைக் கொதிக்கவைத்து இரண்டு முறை துணியில் வடிகட்டிவிட்டு, ஆறியதும் அன்னபேதியைக் கரைத்த தண்ணீரைச் சேருங்கள், கொஞ்சம் வேலம்பிசின் கரைத்து விட்டால் கோடு பரவாது. வரையும்போது வெளிறிய சாம்பலாக இருக்கும், பயப்பட வேண்டாம், காற்று பட்டுக் கொஞ்ச நேரத்தில் கறுக்கும். அதனால்தான் மூடிய குழாய் இதற்கு ஒத்துவருகிறது, உள்ளே காற்று குறைவு. ஆனாலும் அன்றைக்கு வேண்டியதை மட்டும் நிரப்புங்கள், பல நாள் வைத்திருந்தால் கறுப்பு திரிந்து துளையில் அடைக்கும். அன்னபேதியை அதிகம் போட்டால் நாளடைவில் காகிதத்தையே அரித்துவிடும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், சாப்பிடும் பாத்திரத்தில் கலக்கவே கூடாது. சாதாரண பிரஷின் உலோக வளையத்தை இந்த மை தின்றுவிடும், தண்ணீர் பிரஷில் உலோகமே இல்லை என்பது பெரிய நிம்மதி.

துணியிலும் செய்து பார்த்தேன். காளஹஸ்தி கலம்காரியில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து நனைத்து உலர்த்துவார்கள், பாலின் கொழுப்பு கோடு பரவாமல் பிடித்துக்கொள்ளும். வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் சேர்த்துச் சில வாரம் புளிக்கவிட்ட தண்ணீரால் அதன் மேல் கோடு இழுப்பார்கள், துணியில் தொட்ட இடம் கறுப்பாகும். அவர்கள் எழுதுகோல் ஒரு மூங்கில் குச்சி, அதில் கம்பளி சுற்றியிருக்கும், விரலால் கம்பளியை அழுத்தினால் சாயம் முனைக்கு இறங்கும். தண்ணீர் பிரஷின் வயிற்றை அழுத்துவதும் அதே வேலைதான் என்பதால் கைக்கு உடனே பழகிவிட்டது. எங்கள் வீட்டு எருமையின் பாலில் நனைத்த துணியில் அந்த எருமையையே வரைந்து வைத்திருக்கிறேன், இதுவரை நான் செய்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். துணியில் நைலான் முனை சீக்கிரம் தேயும், துணிக்கென்று ஒரு பழைய பிரஷை ஒதுக்கிவிடுங்கள்.

முடியைப் பற்றி ஒரு வார்த்தை. நைலானைவிட இயற்கை முடி அதிகத் தண்ணீர் பிடிக்கும் என்பது உண்மை, காளையின் காது மயிரில் செய்த பிரஷ்கூட நன்றாகவே உழைக்கும். ஆனால் கீரி முடி என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி பாதுகாக்கப்பட்ட உயிர், அந்த முடியை விற்பதும் வாங்குவதும் குற்றம், அந்தப் பிரஷுக்காகக் கீரிகளைக் கொல்கிறார்கள். எங்கள் வரப்பில் ஓடும் கீரியை உட்கார்ந்து பார்த்து வரைகிறவள் நான், அதைக் கொன்று எடுத்த முடியால் எந்த விலங்கையும் வரைய என் கை வராது. நைலானின் குறையை இதற்காகவே மனதார ஏற்றுக்கொள்கிறேன்.

இது உதவாத இடங்களும் உண்டு. பொங்கல் முடிந்ததும் நம் பக்கம் நடக்கும் மாடு விடும் விழாவுக்கு எடுத்துப் போகாதீர்கள். குறிப்பிட்ட தூரத்தைக் குறைந்த நொடியில் கடக்கிற காளைக்குத்தான் பரிசு, காளை கண்ணுக்கு முன்னால் இருப்பதே சில நொடி, அங்கே மழுங்கிய பென்சில்தான் சரி, அதுவும் தடுப்புக்கு வெளியில் பத்திரமாக நின்றுகொண்டு. பெரிய காகிதத்தில் வானமோ ஏரியோ தீட்டவும் இது ஆகாது, ஈரம் விட்டுவிட்டு வருவதால் திட்டுத்திட்டாகக் காயும், அதற்குச் சாதாரண அகலப் பிரஷே நல்லது. கோடை வெயிலில் எல்லாமே நொடியில் காய்ந்து ஓரம் கட்டிவிடுவதால் கொட்டாய் நிழலை விட்டு வெளியே வராமல் வரைவது உத்தமம். மூடி மெலிதானது, பின்பக்க பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்தால் உடையும்.

காகிதத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்திக் காகிதம் அருமைதான், முடித்த படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினசரிப் பயிற்சிக்கு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வெட்டிய மிச்ச அட்டை கேட்டு வாங்குகிறேன், பளபளப்பு இல்லாத பக்கம் தண்ணீரை நன்றாகத் தாங்குகிறது.

வாங்குகிறவர்கள் மூன்று அளவு செட்டைவிட, தனியாகக் கிடைத்தால் நடுத்தரம் இரண்டு வாங்குங்கள், ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் கடுக்காய் மை. மை நிரப்பியதை அன்றன்றைக்கே கழற்றி, அடைப்பைத் தனியாக எடுத்து, கேன் தண்ணீரில் அலசி, முனையைக் கீழே பார்த்தபடி தொங்கவிட்டால் நீண்ட காலம் உழைக்கும்.