பனிச்சறுக்குப் பயணத்துக்கு எந்தக் கார்? வடசென்னைக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

ஆலி, குல்மார்க், மணாலியை ஒட்டிய சோலாங் என்று பனிச்சறுக்குக்குக் கிளம்பும் கூட்டம் பெரம்பூர், கொளத்தூர், ராயபுரம் பக்கம் சின்னதுதான். ஆனால் ஆர்வம் பெரிது. நவம்பர் மழை ஓய்வதற்குள் பேச்சு தொடங்கிவிடும்: தார் வாங்கலாமா, ஜிம்னி போதுமா, ஸ்கார்ப்பியோ-என் எடுத்தால் எல்லாரும் ஒரே வண்டியில் போகலாமே? வாங்கப்போகும் கார் வருடத்தில் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் பனியில் ஓடும். மீதி நாளெல்லாம் மூலக்கடை நெரிசலிலும், பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளிலும், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலும்தான் இருக்கும். அதனால் இரண்டு இடத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் இங்கே ஒவ்வொரு வண்டியையும் எடைபோடுகிறேன்.

முதலில் வழியைப் பார்ப்போம். மாதவரம், செங்குன்றம் தாண்டித் தடா வழியாக ஆந்திரா, அப்புறம் நாக்பூர், டெல்லி என்று மணாலி போய்ச் சேர ஏறக்குறைய 2,700 கி.மீ. குல்மார்க் என்றால் 3,000-ஐத் தொடும். இதில் பனி எவ்வளவு தூரம்? குல்மார்க்குக்கு டங்மார்க்கிலிருந்து மேலே ஏறும் 13 கி.மீ. சோலாங்குக்குப் பல்ச்சான் தாண்டிய சில கிலோமீட்டர்கள். ஆலிக்கு ஜோஷிமட்டிலிருந்து ஏறும் மலைச்சாலை. அங்கே ஜோஷிமட்டிலிருந்து சுமார் 4 கி.மீ. நீள ரோப்வே இருந்தது. 2023 ஜனவரியில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது அதை நிறுத்தினார்கள். அதிலிருந்து சாலையை நம்பித்தான் திட்டமிட வேண்டியிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் ஐந்து நாள் நெடுஞ்சாலை ஓட்டத்தின் கடைசியில் ஒரு மணி நேரம்தான் பனி. அந்த ஒரு மணி நேரம்தான் ஆபத்தானதும்கூட.

அந்த நேரத்தில் எது காப்பாற்றும் என்பதில் நம்மவர்களிடம் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் பனியில் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். நாலு சக்கரமும் சுழன்றால் வண்டி கிளம்பும், ஏற்றம் ஏறும். ஆனால் நிற்பதற்கும் திரும்புவதற்கும் டயரின் பிடிதான் வேண்டும். எல்லாக் காரிலும் பிரேக் ஏற்கெனவே நாலு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. 30 கி.மீ. வேகத்தில் காய்ந்த தார்ச்சாலையில் 5 மீட்டரில் நிற்கிற வண்டி, உறைந்த பனிக்கட்டி மேல் நிற்க 35 மீட்டர் வரை எடுத்துக்கொள்ளும். வண்டி 10 லட்சமா 50 லட்சமா என்பது அந்தக் கணக்கில் வராது. அதோடு, நம் ஊர் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கிவிடும். குளிருக்கென்றே செய்த டயர் நம்மூர்க் கடைகளில் கிடைப்பது அரிது. ஆகவே சக்கரத்தில் மாட்டும் பனிச் சங்கிலிதான் கைகொடுக்கும். மணாலியில் சாதாரண ஆல்ட்டோ டாக்சிகள் சங்கிலி மாட்டிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பனி கொட்டும் நாளில் மணாலியிலும் டங்மார்க்கிலும் போலீஸ் மறித்துக் கேட்பதும் இதைத்தான்: ஃபோர் வீல் டிரைவா, இல்லை சங்கிலி இருக்கிறதா?

சரி, வண்டிகளுக்கு வருவோம்.

மாருதி ஜிம்னி 2023 ஜூனில் வந்தது. அகலம் 1,645 மி.மீ. தான். வடசென்னையில் வாழ்கிறவர்களுக்கு இந்த ஒரு எண் பெரிய விஷயம். இருபுறமும் பைக் நிற்கும் தண்டையார்பேட்டைத் தெருவில் எதிரே ஒரு மீன்பாடி வண்டி வந்தாலும் ஒதுங்கிவிடலாம். தரை இடைவெளி 210 மி.மீ., எடை சுமார் 1,200 கிலோ. எடை குறைவு என்பது இறக்கத்தில் பெரிய வரம். கனமான வண்டியை விட இதைக் கட்டுப்படுத்துவது சுலபம். லோ ரேஞ்ச் கியரும் உண்டு என்பதால் செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல், இன்ஜின் பிடியிலேயே ஊர்ந்து வரலாம். பனியில் இதைவிடப் பத்திரமான இறங்கும் முறை கிடையாது.

குறைகளும் பெரியவை. நாலே பேர்தான் உட்காரலாம், பின்னால் சாமான் இடம் 208 லிட்டர். நாலு பேரின் குளிர் உடைகளும் பூட்ஸும் அதில் அடங்காது. இன்னொன்று, அதன் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லை. மேலே காற்று மெலிவதால் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தி குறையும். இங்கே 105 குதிரைத்திறன் தருகிற இன்ஜின் 2,500 மீட்டர் உயர சோலாங்கில் 80-ஐ ஒட்டித்தான் தரும். ஏறாமல் போகாது, ஆனால் நாலு பேரும் சாமானுமாக ஏறும்போது முனகும். நெடுஞ்சாலையிலும் அவ்வளவு சுகமில்லை. கணவன், மனைவி, ஒரு குழந்தை என்றால் தயங்காமல் இதை வாங்கலாம்.

மகிந்திரா தார் மூன்று கதவு வண்டியும் ஜிம்னியும் நீளத்தில் ஒன்றுதான், இரண்டும் 3,985 மி.மீ. ஆனால் தாரின் அகலம் 1,820. டர்போ இன்ஜின் என்பதால் உயரத்தில் சக்தி அவ்வளவாகக் குறையாது, டீசலிலும் கிடைக்கிறது. தரை இடைவெளி 226 மி.மீ. மழையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் தண்ணீர் நிற்கும்போது இந்த உயரம் தைரியம் தரும் (கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பியிருந்தால் எந்த வண்டியையும் இறக்காதீர்கள், தாராக இருந்தாலும் சரி). தார் வாங்குகிறவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. 2023 ஜனவரியிலிருந்து பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள தாரும் விற்பனையில் இருக்கிறது. வெளியே பார்க்க இரண்டும் ஒரே தோற்றம். விலை குறைவு என்பதால் அதைத்தான் நிறையப் பேர் எடுக்கிறார்கள். பின்பக்கம் எடை குறைவான, பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி பனியில் வழுக்கி வால் சுழல்வது சுலபம். பனிக்காக வாங்குகிறேன் என்றால் அந்த மாடலைத் தொடவே வேண்டாம். பழைய தார் வாங்குகிறவர்கள் உள்ளே குனிந்து, ஃபோர் வீல் டிரைவுக்கான இரண்டாவது கியர் தண்டு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

2024 ஆகஸ்டில் வந்த தார் ராக்ஸில் ஐந்து பேர் உட்காரலாம், சாமானுக்கும் நல்ல இடம். ஃபோர் வீல் டிரைவ் டீசலில் மட்டும்தான். அகலம் 1,870 மி.மீ. என்பதால் வீட்டு வாசலில் நிறுத்த இடம் இருப்பவர்களுக்கு மட்டும்.

ஸ்கார்ப்பியோ-என் வண்டியை நம் பக்கம் ரொம்பப் பிடிக்கும், காரணமும் புரிகிறது. ஆறேழு பேர் கொண்ட கூட்டுக்குடும்பத்துக்கு வேறு நல்ல வழி கிடையாது. ஆனால் 1,917 மி.மீ. அகலம், 4,662 மி.மீ. நீளம். மின்ட் பக்கம் ஒரு சாயங்காலம் ஓட்டிப் பார்த்தால் இந்த எண்களின் பொருள் உடனே விளங்கும். மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்தால் பின்னால் சாமான் வைக்க இடமே இருக்காது. கூரையில் கட்ட வேண்டியதுதான். இதிலும் ஃபோர் வீல் டிரைவ் டீசலில் மட்டும்தான். கனமான வண்டி என்பதால் பனி இறக்கத்தில் ஓட்டுகிறவருக்கு நல்ல பொறுமை வேண்டும்.

டீசல் பற்றிய பயம் அடிக்கடி வருகிறது. கடுங்குளிரில் சாதாரண டீசல் கெட்டியாகிவிடும் என்பது உண்மைதான். லடாக்குக்காகவே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்தது. மணாலி, குல்மார்க் அளவுக்கு இது கைமீறிய பிரச்சினை இல்லை; கீழிருந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகாமல், மேலே ஏறும் முன் அந்தப் பக்கத்து பங்கிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

நான் அதிகம் பரிந்துரைப்பது எல்லாரும் பேசாமல் விடுகிற ஒரு வண்டியை: மாருதி கிராண்ட் விட்டாரா, ஆல்கிரிப் (மாருதியின் ஆல் வீல் டிரைவ்) உள்ள மாடல். டொயோட்டா ஹைரைடரின் ஆல் வீல் டிரைவ் மாடலும் உள்ளே இதேதான். 2022-ல் வந்தது, ஆல்கிரிப்போடு ஆட்டோமேட்டிக் 2025-ல் கிடைத்தது. தாரும் ஜிம்னியும் ஓட்டுகிறவர் கைப்பட ஃபோர் வீலுக்கு மாற்ற வேண்டிய வண்டிகள். அப்படி மாற்றினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். முழுக்கப் பனி என்றால் அருமை. காய்ந்த தார்ச்சாலையில் அப்படியே ஓட்டினால் வளைவில் இழுத்துப் பிடிக்கும், பாகங்கள் தேயும். ஆனால் சோலாங் சாலை முழுக்கப் பனியாக இருப்பதில்லை. நூறு மீட்டர் தார்ச்சாலை, அடுத்த வளைவில் வெயில் படாத இடத்தில் உறைந்த பனி, அப்புறம் சேறு, மறுபடி தார் என்று மாறிக்கொண்டே வரும். கிராண்ட் விட்டாரா தானாகவே உணர்ந்து பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும். பனிக்கென்றே ஸ்னோ என்று ஒரு மோடும், சிக்கிக்கொண்டால் லாக் மோடும் உண்டு. ஓட்டுகிறவர் இதுவரை பனியே பார்க்காத சென்னைக்காரர் என்றால், அவர் முடிவெடுக்க வேண்டியவை குறையக் குறைய எல்லாருக்கும் நல்லது.

ஐந்து பேர் உட்காரலாம், 373 லிட்டர் சாமான் இடம், தரை இடைவெளி ஜிம்னியைப் போலவே 210 மி.மீ. அகலம் 1,795, தாரை விடக் குறைவு. ஸ்கீ பலகைகள் 160, 170 செ.மீ. நீளம் இருக்கும். பெரும்பாலானவர்கள் அங்கேயே வாடகைக்கு எடுப்பார்கள். சொந்தப் பலகை உள்ளவர்கள் பின்சீட்டில் ஒரு பகுதியை மடித்து உள்ளேயே வைத்துவிடலாம், கூரை கேரியர் தேவையில்லை. இதன் குறைகளையும் சொல்ல வேண்டும்: லோ ரேஞ்ச் கிடையாது, இன்ஜினில் டர்போ இல்லாததால் ஜிம்னியின் அதே மூச்சிரைப்பு இதற்கும் உண்டு. தடம் போடாத ஆழப் பனியில் இதை இறக்கக் கூடாது. நாம் போவது பனி ஒதுக்கிய சாலையில்தானே.

இன்னோவாவை எல்லாரும் கேட்பார்கள். கிறிஸ்டா பின்சக்கர இயக்கம், ஹைகிராஸ் முன்சக்கர இயக்கம். நெடுஞ்சாலையில் இரண்டுக்கும் நிகரில்லை, பனியில் சங்கிலி இல்லாமல் இரண்டும் வேண்டாம். ஃபார்ச்சூனர் ஃபோர் வீல் டிரைவ் ரோட்டுக்கு வரும்போது 40 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. அந்தப் பணத்தில் ஒரு குடும்பம் எத்தனையோ குளிர்காலம் பனிச்சறுக்கப் போய்வரலாம்.

இத்தனை வண்டிகளுக்கும் ஒரு போட்டியாளர் உண்டு, அது ரயில். சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் சுமார் 33 மணி நேரத்தில் டெல்லி. 2025 ஜூனிலிருந்து கத்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே வந்தே பாரத் ஓடுகிறது. சென்ட்ரலிலிருந்து கத்ராவுக்கே ஆந்தமான் எக்ஸ்பிரஸும் இருக்கிறது. கடைசி மலைச்சாலைக்கு மட்டும் சங்கிலியோடு வரும் உள்ளூர் டாக்சி. அந்த டிரைவர் ஒவ்வொரு வளைவையும் அறிந்தவர். லீவு பத்து நாள்தான் என்றால் போக ஐந்து, வர ஐந்து என்று காரிலேயே தீர்ந்துவிடும், பனியைத் தொட நேரம் மிஞ்சாது. அவர்களுக்கு ரயிலைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். மூன்று வாரம் லீவு கிடைத்து, வழியில் ஊர் ஊராக நின்று போகப் பிரியப்படுகிறவர்களுக்குத்தான் சொந்த வண்டி.

அப்படிக் கிளம்புகிறவர்கள் இங்கேயே சில வேலைகளை முடிக்க வேண்டும். 'நம்ம ஊருக்குத் தண்ணியே போதும் சார், கூலன்ட் எதுக்கு?' என்று சொல்லும் மெக்கானிக் அண்ணன்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் அங்கே இரவில் உறையும். உறையும்போது விரிந்து இன்ஜினையே பிளந்துவிடும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் மைனஸ் 35 வரை தாங்கும், அதை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். பழைய பேட்டரியை நம்ப வேண்டாம். 30 டிகிரியில் இங்கே டயரில் அடித்த காற்றின் அழுத்தம், மைனஸ் 5-க்குப் போனால் குளிரால் மட்டும் 6 பிஎஸ்ஐ வரை இறங்கும். மேலே போனதும் காலையில் ஒருமுறை அளந்து சரிசெய்யுங்கள். இரவில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் ஈரத்தில் உறைந்து பிடித்துக்கொள்ளலாம். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் கடற்காற்றுக்கு வண்டியின் அடியில் துருத் தடுப்புப் பூச்சு எப்படியும் அடிக்க வேண்டும். பனிச்சேற்றுக்கும் அதுவே உதவும்.

கடைசியாக, சங்கிலியை டயர் அளவு பார்த்து வாங்குங்கள்: ஜிம்னிக்கு 195/80 ஆர்15, தாருக்கு 255/65 ஆர்18, கிராண்ட் விட்டாராவுக்கு 215/60 ஆர்17. உங்கள் டயரின் ஓரத்தில் பொறித்திருப்பதோடு ஒத்துப்பாருங்கள். ஒரே ஜோடிதான் இருக்கிறது, இழுப்பதும் இரண்டு சக்கரம்தான் என்றால் இழுக்கிற சக்கரத்தில்தான் மாட்ட வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் என்றால் எந்தச் சக்கரம் என்று வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும், நாலுக்கும் இருந்தால் இன்னும் நல்லது. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே, கையுறை போட்டுக்கொண்டு, மாட்டிக் கழற்றிப் பழகிவிடுங்கள்.